தொட்டால் சுட வேண்டிய குழாய்

பட்டறைக்காரர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. வண்டியைச் சுற்றி ஒருமுறை வந்தார், பின் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார், பிறகு சித்தப்பாவிடம் சொன்னார்: "அண்ணே, வாய்க்கா ரோட்டுல ஒரு நாலஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க. எப்பவும் போற வேகத்துலயே போங்க. வந்ததும் அணைச்சுட்டு அப்படியே விட்டுருங்க, நான் பாத்துக்கிறேன்."

சித்தப்பாவின் பிக்கப் வண்டிக்கு 14 வயது. தோட்டத்திலிருந்து ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் சுமந்தே 2 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஊருக்குப் போனபோது அதில் ஏறிய எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, வண்டி மிதமிஞ்சிக் குதிக்கிறது என்று. தினமும் ஓட்டும் அவருக்குத் தெரியவில்லை. "லோடு வண்டின்னா அப்படித்தாம்ப்பா இருக்கும்" என்றார். நான் வற்புறுத்தித்தான் பழனி ரோட்டில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்தோம்.

வண்டி புழுதியோடு திரும்பியது. பட்டறைக்காரர் ஒரு சாக்கை விரித்து, அதில் மல்லாந்து படுத்து, பின் அச்சுக்கு அடியில் நகர்ந்தார். இடப்பக்க ஷாக்கை விரல்களின் புறத்தால் தொட்டார். கையை எடுத்து வலப்பக்கத்தைத் தொட்டார். "நீங்களும் வந்து தொட்டுப் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டார். இடப்பக்கக் குழாய், சூடான டீ இருக்கும் டம்ளரின் வெளிப்புறம்போலச் சுட்டது. வலப்பக்கக் குழாயில் பக்கத்துச் சேசிஸ் இரும்பில் இருந்த வெயில் சூடு மட்டும்தான் இருந்தது.

"சுடுறது உழைக்குது. சுடாதது செத்துப்போச்சு" என்றார்.

ஒரே அச்சு, ஒரே சாலை, ஒரே ஓட்டம். ஒன்று மட்டும் ஏன் சுட வேண்டும்? சுடுவதுதான் ஆரோக்கியம் என்றால், சாலையின் மேடுபள்ளத்துக்கும் சூட்டுக்கும் என்ன உறவு? இந்த அத்தியாயம் முழுக்க அந்த இரண்டு குழாய்களைப் பற்றித்தான்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். ஷாக் அப்சார்பர் என்றால் அதிர்ச்சியை உறிஞ்சுவது என்று பொருள். நம்மூரில் அது ஷாக்கப்சர் ஆகி, கடைசியில் வெறும் ஷாக் என்று நிற்கிறது. ஆனால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதன் வேலையே அல்ல. சக்கரம் பள்ளத்தில் விழுந்து ஏறும்போது வரும் அடியை வாங்கிக்கொள்வது பட்டை. அச்சுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் யு போல்ட்டு போட்டு இறுக்கிய அந்த எஃகுப் பட்டைக் கட்டு. அது வளைந்து கொடுப்பதால்தான் அடி சேசிஸுக்கும் நம் முதுகெலும்புக்கும் முழுதாக வந்து சேர்வதில்லை.

ஆனால் பட்டைக்கு ஒரு குணம் உண்டு. வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது. வளையும்போது சேர்த்துக்கொண்ட ஆற்றலில் பெரும்பகுதியை நிமிரும்போது திருப்பிக் கொடுத்துவிடும். வண்டி மேலே எழும்பும். எழும்பியது தன் எடையால் கீழே வந்து பட்டையை மறுபடி அமுக்கும். பட்டை மறுபடி தள்ளும். ஒரு பள்ளம் கடந்து 50 மீட்டர் போன பிறகும் அந்தப் பள்ளத்தை வண்டி மறக்காமல் ஆடிக்கொண்டிருக்கும். இந்த ஆட்டத்தை ஓயவைப்பதுதான் ஷாக்கின் வேலை. பிரிட்டிஷ் பொறியாளர்கள் இதை டேம்ப்பர் என்கிறார்கள். பள்ளிக்கூட இயற்பியலில் தடையுறு அலைவுகள் என்று படித்தோமே, அந்தத் தடை இதுதான்.

வண்டி எந்தத் தாளத்தில் ஆடும் என்பதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. நிற்கும் வண்டியின் எடையால் பட்டை எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று தெரிந்தால் போதும். 25 சென்டிமீட்டர் அமுங்கியிருந்தால் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 1 முறை ஆடும். சுமார் 6 சென்டிமீட்டர்தான் அமுங்கியிருக்கிறது என்றால் நொடிக்கு 2 முறை. சொகுசான கார்களின் தாளம் நொடிக்கு 1 முதல் 1.5 வரை இருக்கும். தொட்டிலாட்டும் வேகம் அது, உடம்புக்கு இதம். பாரம் சுமப்பதற்கென்று கெட்டியாகச் செய்த பட்டை மீது வெறும் வண்டி நிற்கும்போது பட்டை கொஞ்சம்தான் அமுங்கும். அதனால்தான் காலி பிக்கப் வண்டி வெடுக்வெடுக்கென்று குதிக்கிறது. அதில் சித்தப்பா சொன்னது சரி. லோடு வண்டி அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒருமுறை குதித்துவிட்டு அடங்க வேண்டும். அவருடைய வண்டி அடங்கவில்லை.

குதிப்பு அடங்க வேண்டுமென்றால் அதில் இருக்கும் ஆற்றல் எங்காவது போக வேண்டும். அழிந்துபோக அதனால் முடியாது. இந்த இடத்தில் ஒரு மனிதரை நினைத்தே ஆக வேண்டும். ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை ஒட்டிய சால்ஃபோர்டில், பீர் காய்ச்சும் தொழில் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். 1840களில் அவர் ஒரு பாத்திரத்துத் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். கயிற்றில் கட்டிய எடைகள் கீழே இறங்கும்போது சக்கரம் சுழன்று தண்ணீரைக் கலக்கும். பாத்திரத்துக்குள் தடுப்புத் தகடுகள் இருந்ததால் தண்ணீர் சும்மா சுற்றிக்கொண்டிருக்க முடியாது; கலங்கி, உராய்ந்து, நிற்க வேண்டும். நின்ற தண்ணீரின் சூடு மிகச் சிறிதளவு கூடியிருந்தது. எடைகளை 20 முறை இறக்கியும் ஒரு ஃபாரன்ஹீட் டிகிரியில் பாதியளவுதான் கூடியது. அந்தச் சிறு ஏற்றத்தை அவர் விடாப்பிடியாக அளந்தார். இத்தனை எடை இத்தனை உயரம் இறங்கினால் இத்தனை வெப்பம் என்ற கணக்கு அதிலிருந்துதான் பிறந்தது. சேல் என்ற ஊரில் இருக்கும் அவருடைய கல்லறையில், அந்தக் கணக்குக்கு அவர் பின்னாளில் அளந்து சொன்ன எண்ணையே 772.55 என்று செதுக்கியிருக்கிறார்கள்.

வண்டிக்கு அடியில் தொங்கும் ஷாக், ஜூலின் பாத்திரமேதான். தண்ணீருக்குப் பதில் எண்ணெய், துடுப்புக்குப் பதில் துளையிட்ட பிஸ்டன், கயிற்றில் இறங்கும் எடைக்குப் பதில் தக்காளி ஏற்றிய வண்டி. பின் சக்கரம் ஒன்றின் மேல் 400 கிலோ அமர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 5 சென்டிமீட்டர் உயரம் எழும்பி இறங்கினால் ஏறக்குறைய 200 ஜூல் ஆற்றலுக்கு வழி சொல்ல வேண்டியிருக்கிறது. 100 மில்லிலிட்டர் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடேற்ற 420 ஜூல் வேண்டும். எண்ணெய் அதில் பாதிக்கும் குறைவான ஆற்றலிலேயே அதே அளவு சூடேறிவிடும். ஆக, ஒரே குதிப்பு 100 மில்லிலிட்டர் எண்ணெயின் சூட்டை 1 டிகிரிக்கு மேல் ஏற்றப் போதும். வாய்க்கால் சாலையில் இப்படி எத்தனை குதிப்பு! அத்தனையும் எண்ணெய்க்குள் போய்ச் சூடாகி, குழாயின் இரும்பு வழியாக வெளியேறி, வண்டிக்கு அடியில் வீசும் காற்றோடு போய்விடுகிறது. இடப்பக்கக் குழாயில் என் விரலைச் சுட்டது வாய்க்கால் சாலையின் பள்ளங்கள்தான்.

வலப்பக்கம் குளிர்ந்து கிடந்ததற்கும் இதுதான் பொருள். பள்ளங்கள் அந்தக் குழாய்க்குள் போகவில்லை. அப்படியென்றால் அந்த ஆற்றலெல்லாம் சேசிஸிலும் சரக்கிலும் டயரிலும் சித்தப்பாவின் இடுப்பிலும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இரண்டையும் மாற்றிவிடுவது என்று முடிவானது. கழற்றி எறியப்போகும் வலப்பக்க ஷாக்கை அறுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பட்டறைக்காரர் உடனே ரம்பத்தை எடுத்துவிடவில்லை. ஷாக்கை நிமிர்த்திப் பிடித்துத் தண்டை உள்ளே அமுக்கினார். அமுக்கிய இடத்திலேயே தண்டு நின்றது. "கேஸ் இருந்தா தானா வெளியே வரும். இது பழைய டைப், வெறும் எண்ணெய்தான். அறுக்கலாம்" என்றார். வாயு அடைத்த ஷாக்கை ஒருபோதும் அறுக்கக் கூடாது, தீயில் காட்டவும் கூடாது. சில வகைகளில் உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல 10 மடங்கு.

ரம்பம் பாதி இறங்கியதும் கறுப்பாக ஏதோ கசிந்தது. ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி, அவ்வளவுதான். நல்ல நிலையில் இருந்திருந்தால் ஒரு டம்ளர் எண்ணெய் இருந்திருக்கும். பிளந்து பார்த்தால் குழாய்க்குள் இன்னொரு குழாய். உள் குழாய்க்குள் 10 ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பிஸ்டன், அது ஒரு வழவழப்பான எஃகுத் தண்டின் நுனியில் இருந்தது. பிஸ்டனில் சிறுசிறு துளைகள். துளைகளை மூடிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, சவர பிளேடு அளவு மெல்லிய எஃகு வட்டுகள்.

இந்த வட்டுகளில்தான் முழு நுட்பமும் இருக்கிறது. கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு இது உடனே புரியும். தண்ணீருக்குள் கையை மெதுவாக நகர்த்தினால் தண்ணீர் வழிவிடும். அதே தண்ணீரில் மேலிருந்து வயிறு பட விழுந்தால் தரையில் விழுந்ததுபோல அடிபடும். நீர்மங்களின் எதிர்ப்பு வேகத்தைப் பொறுத்தது. சின்னத் துளை வழியாகத் தள்ளும்போது வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். பிஸ்டனில் வெறும் துளை மட்டும் போட்டு விட்டிருந்தால், வண்டி மெதுவாக அசையும்போது எதிர்ப்பே இருக்காது. திடீரென்று ஒரு கல்லில் ஏறினாலோ ஷாக் இறுகி இரும்புத் தடியாகிவிடும், அடி நேராக மேலே போகும். அதனால் துளையை மெல்லிய வட்டுகளால் மூடி வைக்கிறார்கள். எண்ணெயின் அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் வட்டு வளைந்து கூடுதல் வழிவிடும். இன்னும் தாண்டினால் இன்னும் வளையும். எத்தனை வட்டு, எவ்வளவு தடிப்பு என்பதை மாற்றி மாற்றித்தான் ஒவ்வொரு வண்டிக்கும் ஏற்ற ஷாக்கைச் செய்கிறார்கள்.

மேலே போகும் எண்ணெய்க்கும் கீழே வரும் எண்ணெய்க்கும் வழிகள் வேறு. ஷாக் நீளும்போது வரும் எதிர்ப்பு, சுருங்கும்போது வருவதைவிடப் பெரும்பாலும் இருமடங்குக்கும் மேல் இருக்கும்படி வைப்பார்கள். காரணம் எளியது. சக்கரம் கல்லில் ஏறும்போது ஷாக் சுருங்குகிறது. அப்போது முரண்டு பிடித்தால் அடி நமக்கு வரும். கல்லைத் தாண்டியதும் பட்டை நிமிர்ந்து வண்டியைத் தூக்கி எறியப் பார்க்கும், ஷாக் நீளும். கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க வேண்டியது அப்போதுதான்.

குழாய்க்குள் குழாய் எதற்கு? தண்டு உள்ளே நுழையும்போது அது தனக்கென்று இடம் கேட்கும். எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது. முழுக்க எண்ணெய் நிரப்பி இறுக மூடிய குழாயாக இருந்தால் தண்டு ஓர் அங்குலம்கூட உள்ளே போகாது. அதனால் தண்டு இடம்பெயர்க்கும் எண்ணெய், உள் குழாயின் அடியில் இருக்கும் வால்வு வழியாக வெளிக் குழாய்க்குப் போகிறது. வெளிக் குழாயில் பாதி எண்ணெய், மீதி காற்று. காற்று சுருங்கி இடம் கொடுக்கிறது.

இந்தக் காற்றுதான் பின்னாளில் தொல்லையாகிறது. ஷாக் வேகமாக வேலை செய்யும்போது பிஸ்டனின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறும். மறுபக்கம் அழுத்தம் திடீரென்று விழும். அழுத்தம் விழுந்த எண்ணெயில் கரைந்திருந்த காற்று குமிழியாக வெளியே வரும். கோலி சோடாவின் கோலியை அமுக்கியதும் நுரைத்துக்கொண்டு வருமே, அதே விதி. நுரைத்த எண்ணெய்க்கு எதிர்ப்பு இல்லை. பிஸ்டன் நுரையை அமுக்குவதில் பாதி வீச்சை வீணடித்துவிடும். சுடும் எண்ணெய் இளகுவதும் சேர்ந்துகொண்டால், கல் பாவிய சாலையில் அரை மணி ஓடியதும் புது ஷாக்கே பழைய ஷாக்போல நடந்துகொள்ளும். பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தியன் பூர்சியே த கார்போன் 1950களில் இதற்கு ஒரு தீர்வு கண்டார். ஒற்றைக் குழாய், அதன் ஒரு முனையில் மிதக்கும் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் உயர் அழுத்த நைட்ரஜன். வாயு எண்ணெயோடு கலக்கவே முடியாது, எண்ணெய் எப்போதும் அழுத்தத்திலேயே இருப்பதால் குமிழியும் எளிதில் கிளம்பாது. ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் உரிமம் வாங்கி 1957இல் மெர்சிடிஸ் கார்களுக்கு அதைச் செய்து கொடுத்தது. பின்னர் இரட்டைக் குழாய் ஷாக்குகளிலும் சாதாரணக் காற்றை எடுத்துவிட்டுக் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கத் தொடங்கினார்கள். இன்று கடையில் கேஸ் ஷாக் என்று கொடுப்பதில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை.

ஷாக் என்பது வேகம் பெற்ற பிள்ளை. மாட்டு வண்டிக்கு அது தேவைப்படவில்லை. குதிரை வண்டிகளுக்கு 1804இல் ஒபதயா எலியட் வில் பட்டைகளுக்குக் காப்புரிமை பெற்ற பிறகும் ஷாக்கைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வே அந்த வேகத்துக்குப் போதுமாக இருந்தது. மோட்டார் வந்ததும் போதவில்லை. த்ருஃபோ என்ற பிரெஞ்சுக்காரர் சைக்கிளுக்காக யோசித்த உராய்வுத் தட்டுகளை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்ட்ஃபோர்டு என்ற அமெரிக்கர் மோட்டார் வண்டிக்குக் கொண்டுவந்தார். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி ஷாக் இல்லாமலே வந்தது. 1927 இறுதியில் வந்த மாடல் ஏ, ஹூடாய் வகை எண்ணெய் ஷாக்குகளோடு வந்தது.

உராய்வை விட்டு எண்ணெய்க்கு மாறியதற்கு நல்ல காரணம் உண்டு. உராய்வு வேகம் பார்க்காது. சின்ன மேட்டுக்கும் பெரிய பள்ளத்துக்கும் ஒரே பிடிதான். சின்ன மேட்டில் பட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு வளையவே மறுக்கும், அடி நேராக மேலே வரும். பெரிய பள்ளத்தில் அதே பிடி போதாமல் நழுவிவிடும். வேண்டியதற்கு நேர்மாறு. பழைய பிக்கப் வண்டியின் பட்டையில் துரு ஏறும்போது இந்தக் கவ்வல் இன்னும் கூடுகிறது. வண்டியின் மூலையைக் கையால் அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்க்கும் சோதனை இந்த வண்டிகளில் பலிக்காமல் போவதும் இதனால்தான். காருக்கு அது ஓரளவு உதவும். பாரப் பட்டையை ஓர் ஆள் அமுக்கினால் அது அசையவே அசையாது. அசையாததைப் பார்த்து ஷாக் நன்றாக இருக்கிறது என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். தொட்டுப் பார்ப்பதை நான் விரும்புவதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு சாட்சி டயர். பட்டறைக்காரர் முதலில் தடவிப் பார்த்தது அதைத்தான். வண்டியின் உடம்பு நொடிக்கு 1, 2 முறை ஆடுவதைப்போல, பட்டைக்குக் கீழே இருக்கும் அச்சும் சக்கரமும் தமக்கென்று தனியாக ஒரு தாளம் வைத்திருக்கின்றன. டயரின் காற்றுக்கும் பட்டைக்கும் நடுவில் அவை நொடிக்கு 10 முதல் 15 முறை துள்ளும். இதையும் அடக்க வேண்டியது ஷாக்தான். அடக்க ஆளில்லையென்றால் டயர் சாலையைத் தொட்டுத் தொட்டு எழும்பும். தொடும் இடம் மட்டும் தேயும். சித்தப்பாவின் வலது பின் டயரில் ஒரு சாண் இடைவெளியில் அலை அலையாகக் குழிகள் இருந்தன. கண்ணுக்கு உடனே படாது, கைக்குத் தெரிந்தது. எழும்பி நிற்கும் டயரில் எவ்வளவு பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஷாக் மாற்றுவதைச் சொகுசுச் செலவு என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது யோசிக்க வேண்டும்.

இத்தனை நடந்தும் ஓட்டுகிறவருக்கு ஏன் தெரியவில்லை? நொடிக்கு 10 அசைவு என்று வைத்துக்கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் 1 கிலோமீட்டருக்கு 900 அசைவு. 80,000 கிலோமீட்டருக்கு 7 கோடிக்கு மேல். அந்த 7 கோடியில் ஒவ்வொன்றிலும் ஒரு துளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எண்ணெய்கூடப் போகாது. தண்டில் எங்கோ ஒரு கல் தெறித்துப் பட்ட வடு, ரப்பர் சீலை நாளும் கொஞ்சம் கீறும். கசியும் எண்ணெயில் புழுதி ஒட்டி, பிசினாகி, இன்னும் கீறும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசமே இருக்காது. ஓட்டுகிறவர் கையும் காலும் மெல்ல மெல்ல ஈடுகொடுத்துக்கொள்ளும். சித்தப்பா வேகத்தடைக்கு முன்னால் அரை நொடி முன்னதாகவே பிரேக்கில் கால் வைப்பார், வளைவில் ஸ்டியரிங்கை இரண்டு தவணையாகத் திருப்புவார். அவருடைய உடம்பு செத்த ஷாக்கின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுக்கு மிக மோசமாக ஒத்ததிரும். ஓட்டுநர்களின் இடுப்பு வலிக்கு நெடுங்கால அதிர்வு ஒரு காரணம் என்பது நன்கு அறியப்பட்டது. இரண்டு வருடமாக அவர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டுதான் ஓட்டுகிறார்.

தக்காளி ஈடுகொடுக்காது. இதை நான் மார்க்கெட்டில் பார்த்தேன். பெட்டிகளை இறக்கும்போது, நசுங்கியது அடிப்பெட்டியில்தான் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது, ஆனால் தோல் வழண்டு, ஈரம் கசிந்து கிடந்தவை மேல்பெட்டிகளில்தான் அதிகம். பாரமே இல்லாத மேல்பெட்டியில் எப்படி? நிற்கும்போது பட்டை எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ, அதே அளவுக்கு வண்டி தன் நிலையிலிருந்து மேலே எழும்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டை முழுக்க நிமிர்ந்துவிட்டது. அந்தக் கணத்தில் அது எதையும் தாங்கவில்லை. வண்டியின் தளமும் அதன்மேல் இருக்கும் சரக்கும் வெறுமனே விழுந்துகொண்டிருக்கின்றன. கிணற்றில் குதித்தவனுக்கு நடுவானில் எடை இல்லாததுபோலத் தக்காளிக்கும் அந்தக் கணம் எடை இல்லை. எடை இல்லாத தக்காளி பெட்டிக்குள் உருளும், சுழலும், பக்கத்துத் தக்காளியோடு தேயும். அடுத்த கணம் தளம் மேலே வந்து அறையும். அடிப்பெட்டித் தக்காளியை மேலிருக்கும் பாரம் உருளவிடாமல் பிடித்துவைக்கிறது. மேல்பெட்டிக்கு அந்தப் பிடியும் இல்லை. தவிர, அடுக்கிய பெட்டிகளே ஒன்றுக்கொன்று வில்போல வளைந்துகொடுத்துத் தளத்தின் ஆட்டத்தை மேலே போகப்போகப் பெரிதாக்குகின்றன.

ஒரு பள்ளம் வண்டியை அவ்வளவு உயரம் தூக்காது. ஒரே இடைவெளியில் வரும் மேடுபள்ளங்கள் தூக்கும். வண்டியின் தாளம் நொடிக்கு ஒன்றரை என்றால், 45 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 8 மீட்டருக்கு ஒரு மேடு வந்தால் போதும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஒவ்வொரு மேடும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். நல்ல ஷாக் இருந்தால் ஒவ்வொரு தள்ளலும் அடுத்தது வருவதற்குள் பெருமளவு சூடாகிப் போய்விடும், சேராது. செத்த ஷாக்கில் எல்லாம் சேரும்.

மாற்றும் வேலை, நான் பயந்த அளவுக்கு இல்லை. பிக்கப் வண்டியின் பின்பக்கம் பட்டை தனி, ஷாக் தனி. ஷாக்கைக் கழற்றினாலும் அச்சைப் பட்டை பிடித்துக்கொண்டிருக்கும். பல கார்களில் முன்பக்கம் சுருள்வில்லும் ஷாக்கும் ஒன்றாகக் கோத்திருக்கும். அமுங்கிய சுருள்வில் விடுபட்டால் ஆளையே கொல்லும். அதைத் தனிக் கருவி இல்லாமல் வீட்டில் யாரும் தொடக் கூடாது. இங்கே வேண்டியது முன் சக்கரங்களுக்குக் கட்டை, ஜாக்கி, அதோடு ஜாக்கியை நம்பாமல் அடியில் கொடுக்க உறுதியான ஸ்டாண்டு.

நேரத்தைத் தின்றது துரு. மேல் நட்டும் கீழ் நட்டும் 14 வருடச் சேறைத் தின்று பாறையாகியிருந்தன. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து, அரை மணி காத்திருந்தோம். மூன்று நட்டு வந்தது, நாலாவது வரவில்லை. உதவிப் பையன் கேஸ் கட்டிங் செட்டை இழுத்து வந்தான். "டேய், அதைத் தொடாத! இந்தப் பக்கம் ஷாக்குல இன்னும் எண்ணெய் இருக்கு" என்று பட்டறைக்காரர் அதட்டினார். மூடிய குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்க்குத் தீ காட்டுவதைப்போல ஆபத்து வேறில்லை. உளியை நட்டின் ஒரு முகத்தில் சாய்த்து வைத்துச் சம்மட்டியால் நான்கு அடி. நட்டு பிளந்து விழுந்தது.

கழன்று வந்த இடப்பக்க ஷாக்கையும் இழுத்துப் பார்த்தோம். சுட்டதே தவிர அதுவும் முழு நலம் இல்லை. தண்டை இழுக்கும்போது நடுவில் ஒரு விரற்கடை தூரம் பிடியே இல்லாமல் வழுக்கியது, பிறகுதான் பிடித்தது. எண்ணெய் குறைந்து காற்று உள்ளே போனதன் அடையாளம் அது. ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழையதுமாக ஓட்டினால் பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் பின்பக்கம் ஒருபுறமாக இழுக்கும் என்பதால் எப்போதும் ஜோடியாகத்தான் மாற்றுகிறார்கள்.

புது ஷாக்கை மாட்டுவதற்கு முன் பட்டறைக்காரர் செய்த ஒன்றைப் பலர் செய்வதில்லை. சுருக்கிக் கட்டியிருந்த நாடாவை அறுத்ததும், ஷாக்கை வண்டியில் இருக்கப்போகும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து, தண்டை முழுக்க அமுக்கி முழுக்க விட்டார். முதல் இரண்டு முறை உள்ளே கொளகொளவென்று சத்தம். நடுவில் பிடி விட்டு விட்டு வந்தது. ஐந்தாவது முறை சத்தம் நின்று, தண்டு தேனில் இறங்குவதுபோல ஒரே சீராக இறங்கியது. கடை அலமாரியில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததில் வெளிக் குழாயின் வாயு உள் குழாய்க்குள் புகுந்திருக்கும். அதை வெளியேற்றாமல் மாட்டினால் புது ஷாக் கெட்டுவிட்டது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டியிருக்கும்.

ரப்பர் புஷ்ஷை ஏற்றும்போது கிரீஸ் தடவவில்லை, சோப்புத் தண்ணீர்தான். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். நட்டுகளைக் கையளவுக்கு மட்டும் முடுக்கிவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினார். சக்கரங்கள் பாரத்தை வாங்கிய பிறகுதான் அடியில் போய் இறுதியாக முடுக்கினார். தொங்கும் நிலையிலேயே முடுக்கியிருந்தால், வண்டி தரைக்கு வந்ததும் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும்.

அன்று சாயங்காலமே 70 பெட்டி தக்காளி ஏற்றினோம். வாய்க்கால் சாலையில் 2 கிலோமீட்டர் போனதும் சித்தப்பா முகம் சுளித்தார். "என்னப்பா, வண்டி இறுகுன மாதிரி இருக்கு?" அவர் சொன்னது உண்மைதான். சின்னக் கற்கள் முன்பைவிடத் துல்லியமாகத் தெரிந்தன. புது ஷாக் வண்டியை மெத்தையாக்கிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது. இத்தனை வருடம் மெதுமெதுவென்று மிதந்ததைத்தான் அவர் மென்மை என்று நினைத்திருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. வாய்க்கால் மதகுக்கு அடுத்து வரும் பெரிய பள்ளத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது. வண்டி இறங்கியது, ஏறியது, நின்றுவிட்டது. முன் விளக்கின் வெளிச்சம் ஒருமுறை வேப்ப மரத்தின் உச்சிக்குப் போய் சாலைக்கு வந்து, அங்கேயே கிடந்தது. சித்தப்பாவின் கால் வழக்கம்போல அரை நொடி முன்னதாகப் பிரேக்குக்குப் போயிருந்தது. அதை அவர் மெதுவாக எடுத்துக்கொண்டார்.

மார்க்கெட்டில் பெட்டிகளை இறக்கும் ஆட்கள் வருவதற்குள் அவர் வண்டிக்குப் பின்னால் போனார். இடுப்பு பெல்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, பட்டறைக்காரர் செய்ததைப்போலவே புறங்கையால் இடப்பக்கத்தைத் தொட்டார். சுற்றிவந்து வலப்பக்கத்தைத் தொட்டார்.

"ரெண்டும் சுடுதுப்பா" என்றார்.